மூன்றாவது முறை லேத்தில் ஏறிய டிஸ்க்

போன ஐப்பசி மழையில் ஒரு ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி எங்கள் பட்டறை வாசலில் வந்து நின்றது. மேட்டுப்பாளையத்து டிரைவர், முப்பது வயது இருக்கும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று சவாரி ஓட்டுபவர், வண்டியும் அவருடையதுதான். இறங்கி வந்ததும் அவர் சொன்னது இது: "அண்ணா, பிரேக் புடிச்சா ஸ்டீரிங் நடுங்குதுங்க. ரெண்டு தடவை டிஸ்க்கைக் கடைஞ்சாச்சு. இனி கடையறதுக்கு அதுல என்னங்க இருக்கு? நீங்க ஒரு வார்த்தை சொன்னா புதுசே வாங்கிப் போட்டர்றேனுங்க."

கோவை கணபதி பக்கம் எங்களுடையது சின்னக் கடைசல் பட்டறை. அப்பா காலத்தில் பம்ப்செட் வார்ப்படங்களைக் கடைந்துகொண்டிருந்தோம். இப்போது பாதிக்கு மேல் பிரேக் டிரம், டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) வேலைதான். தினமும் இப்படி ஒன்றிரண்டு வண்டி வரும். இந்த ஒரு வண்டியை எடுத்து முழுவதுமாக எழுதக் காரணம் உண்டு. டிஸ்க் நடுக்கத்துக்கு முக்கியமாக இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு, இரண்டும் காட்டும் அறிகுறி ஒன்றே. இந்த வண்டியில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்திருந்தன. அதனால் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துப் பார்க்க முடிந்தது.

பிரித்துக் காட்டியது ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இல்லை, ஒரு கேள்வி. "தம்பி, கடைஞ்ச பொறவு நடுக்கம் எப்பத் திரும்பி வந்துச்சு?"

"முதல் தடவை கடைஞ்சப்ப சூப்பரா இருந்துச்சுங்க. ஒரு மாசம், மூவாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். அப்புறம் லேசா ஆரம்பிச்சு வரவர அதிகமாயிருச்சு. ரெண்டாவது தடவை வேற பட்டறையில கடைஞ்சேன். அன்னிக்கு வெளிய வந்து முதல் சிக்னல்லயே நடுங்குச்சுங்க."

இந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்டதும் பாதி வேலை முடிந்துவிட்டது என்றே சொல்வேன். கடைந்த அன்றைக்கே நடுங்கினால் தப்பு லேத்தில் நடந்திருக்கிறது. நன்றாக ஓடி மூவாயிரம், நாலாயிரம் கி.மீ. கழித்துத் திரும்பினால் தப்பு வண்டியில் இருக்கிறது, டிஸ்க் உட்காரும் இடத்தில். இரண்டாவதை எந்த லேத்தில் எவ்வளவு சுத்தமாகக் கடைந்தாலும் தீராது, ஒரு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

நடுக்கம் எங்கிருந்து பிறக்கிறது

டிஸ்க் பக்கவாட்டில் ஆடுவதைப் பட்டறைகளில் "டிஸ்க் அடிக்குது" என்கிறோம். டயல் கேஜில் அளக்கும்போது ரன்அவுட். இது ஒரு விஷயம். டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லாமல் இருப்பது இன்னொரு விஷயம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான பணம் வீணாகிறது.

டிஸ்க் அடிப்பதால் மட்டும் பெடலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. இந்த வண்டிகளில் டிஸ்க்கை இருபுறமும் பேடுகளால் கவ்வும் கேலிபர் இரண்டு பின்களின் மேல் நழுவக்கூடியது. டிஸ்க் இந்தப் பக்கம் வந்தால் கேலிபரும் வரும், அந்தப் பக்கம் போனால் கூடவே போகும். இரண்டு பேடுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாறாது. தடிமன் மாறும்போது கதை வேறு. தடித்த இடம் பேடுகளுக்கு நடுவே வரும்போது அவற்றை விரித்துத் தள்ளுகிறது. கேலிபர் பிஸ்டன் பின்னுக்குப் போகிறது, ஆயில் திரும்பி, பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டருக்கு வருகிறது. கேலிபர் பிஸ்டன் பெரியது, மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் சிறியது. அங்கே நூலளவு நகர்ந்தால் இங்கே காலுக்குப் பெரிதாகத் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிடிப்பும் கூடிக் குறையும், அதுதான் ஸ்டீரிங்கில் நடுக்கமாக வருகிறது. 0.015 மி.மீ. வித்தியாசத்தையே கவனமான டிரைவர் உணர்ந்துவிடுவார். தலைமுடியின் தடிமன் சுமார் 0.07 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதில் ஐந்தில் ஒரு பங்கு.

அப்படியானால் டிஸ்க் அடிப்பதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? ஏனென்றால் அடிப்பதுதான் நாளடைவில் தடிமனைக் கெடுக்கிறது. பிரேக்கை மிதிக்காமல் ஓடும்போதும் பேடுகள் டிஸ்க்குக்கு மயிரிழை தள்ளித்தான் நிற்கும். அடிக்கும் டிஸ்க்கின் வெளிமுகம் ஓரிடத்தில் துருத்திக்கொண்டு வெளிப்பேடை லேசாக உரசும். அதற்கு நேர் எதிரே உள்முகம் துருத்திக்கொண்டு உள்பேடை உரசும். சுற்றுக்கு ஒரு உரசல், கி.மீ.க்குச் சுமார் ஐந்நூறு சுற்று. மூவாயிரம் கி.மீ. ஓடிய பின் அந்த இரண்டு இடமும் தேய்ந்து மெலிந்திருக்கும். பிரேக் பிடிக்காத நேரத்தில் பிரேக் கெடுகிறது, இதைப் புரிய வைப்பதுதான் எனக்கு எப்போதும் கஷ்டமாக இருக்கிறது. "மலையில புடிச்சுப் புடிச்சு சூட்டுல வளைஞ்சுருச்சு" என்பதே எல்லோர் வாயிலும் வருகிறது.

மலைச்சூட்டை நான் லேசாகச் சொல்லவில்லை. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். ஆளும் மூட்டையுமாக 2,200 கிலோ எடையுள்ள வண்டி அந்த 1,500 மீட்டரை இறங்கும்போது விடும் ஆற்றலைக் கணக்குப் போட்டால் சுமார் 9 யூனிட் மின்சாரம் வரும். இன்ஜின் தன் பங்குக்குப் பிடித்துக்கொள்ளாவிட்டால் காற்று எடுத்துக்கொண்டது போக மீதி முழுவதும் டிஸ்க்கில்தான் சூடாக இறங்க வேண்டும். இதே கல்லாறு–குன்னூர் மலையில் ரயிலுக்குப் பல்சக்கரமும் பல்தண்டவாளமும் போட்டுத்தான் ஏற்றி இறக்குகிறார்கள். வண்டிக்குப் பல் கிடையாது, கியர்தான் உண்டு. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது அதனால்தான். சூடு மிஞ்சினால் டிஸ்க்கில் நீலம் பாய்ந்த திட்டுகள் விழும். அந்த இடத்தில் வார்ப்பிரும்பின் உள்ளமைப்பே மாறிக் கல்லாக இறுகிவிடும். இன்னொன்று, கொதிக்கும் டிஸ்க்கோடு அடிவாரத்தில் வந்து நின்று பெடலை மிதித்தபடியே இருந்தால் பேடின் மருந்து (உரசும் பொருள்) அந்த இடத்தில் அச்சாக ஒட்டிக்கொள்ளும். இவையும் நடுக்கம் தரும். ஆனால் டிஸ்க் தட்டு வளைந்து போவது என்பது நான் பார்த்தவரை மிக அபூர்வம். நடுங்குகிறது என்று வந்த டிஸ்க்குகளை அளந்து பார்த்தால் திரும்பத் திரும்பத் தடிமன் வித்தியாசம்தான் கிடைக்கிறது.

கழற்றும் முன்

முதலில் ஓட்டிப் பார்த்தேன். சத்தி ரோட்டில் 80 வேகத்தில் மெல்லப் பிரேக் வைத்தால் ஸ்டீரிங் நன்றாக ஆடியது, சீட் ஆடவில்லை. ஆகவே முன் சக்கரம். பிரேக் வைக்காதபோது துளி ஆட்டமும் இல்லை, ஆகவே வீல் பேலன்ஸ் இல்லை. அப்புறம் ஒரு சந்துக்குள் திரும்பி 15 வேகத்தில் மெதுவாகப் பிரேக்கை அழுத்திக்கொண்டே போனேன். இந்த வேகத்தில் சக்கரம் வினாடிக்கு இரண்டு சுற்று சுற்றும். பெடல் காலுக்கடியில் வினாடிக்கு இரண்டு முறை லேசாக எழும்பியது. அதாவது சுற்றுக்கு ஒன்று. மேலே சொன்ன மாதிரி உரசித் தேய்ந்திருந்தால் எதிரெதிரே இரண்டு மெலிந்த இடம் இருக்கும், சுற்றுக்கு இரண்டாகத் துடிக்கும். ஒன்று என்றால் டிஸ்க் ஆப்பு மாதிரி இருக்கிறது, ஒரு பக்கம் தடித்து எதிர்ப்பக்கம் மெலிந்து. லேத்தில் பிறந்த கோளாறின் முகம் அது.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினோம். சக்கரம் போனதும் டிஸ்க் ஹப்பில் (சக்கரமும் டிஸ்க்கும் மாட்டும் சுழல்மையம்) சும்மா தொங்கும். அப்படியே டயல் வைத்தால் வரும் எண் பொய். தட்டையான வாஷர் போட்டு ஐந்து நட்டையும் முடுக்கி டிஸ்க்கை ஹப்போடு அணைத்த பிறகுதான் அளவு. அதற்கும் முன்னால் ஹப்பைப் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டி பேரிங்கில் விளையாட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேரிங் ஆடினால் அப்புறம் எடுக்கும் எந்த அளவுக்கும் அர்த்தம் இல்லை. இதில் பேரிங் நன்றாக இருந்தது.

டயலின் காந்தக் காலை, ஹப்பைத் தாங்கும் சுற்றாத பாகமான நக்கிளில் வைத்து, முனையை டிஸ்க்கின் ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே நிறுத்திச் சுற்றினோம். இடது பக்கம் 0.12 மி.மீ. வலது 0.05. பொதுவாக 0.05க்குள் இருந்தால் நல்லது, 0.10ஐத் தாண்டினால் அதோடு வண்டியை அனுப்பக் கூடாது.

அடுத்து மைக்ரோமீட்டர். இடது டிஸ்க்கில் சாக்பீஸால் எட்டு இடம் குறித்து, எல்லாவற்றிலும் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் அளந்தோம். சுற்றி வந்த வரிசையில்: 20.872, 20.869, 20.861, 20.850, 20.843, 20.846, 20.854, 20.865. முதல் இடம் தடிப்பு, அதற்கு நேர் எதிரே ஐந்தாவது இடம் மெலிவு, நடுவில் சீராக இறங்கி ஏறுகிறது. வித்தியாசம் 0.029. கால் சொன்னதையே மைக்ரோமீட்டரும் சொன்னது. வலது டிஸ்க்கில் 0.012 மட்டும்.

வெர்னியரில் அளந்துவிட்டு "தடிமன் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெர்னியர் 0.02 மி.மீ. வரைக்கும்தான் படிக்கும், கை அழுத்தத்துக்கே அதற்கு மேல் மாறும். நாம் தேடுவது அதைவிடச் சின்னது. மைக்ரோமீட்டர் இல்லாமல் டிஸ்க் கடையும் தொழிலைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஹப்பில் இருந்த துரு

கேலிபரைக் கழற்றி, ஹோஸில் பாரம் விழாதபடி கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டினோம். டிஸ்க் வரவில்லை. துரு பிடித்து ஒட்டியிருந்தது. இந்த இடத்தில் பெரிய சுத்தியலை எடுத்துப் பின்னாலிருந்து அடிப்பது வழக்கம். வேண்டாம், டிஸ்க்குக்கும் நல்லதில்லை, பேரிங்குக்கும் நல்லதில்லை. டிஸ்க்கின் நடுவில் தொப்பி போல் எழும்பி நிற்கும் பகுதியில் மரை போட்ட இரண்டு ஓட்டை இருந்தது. எட்டு எம்எம் போல்ட் இரண்டைப் போட்டு மாறி மாறி முடுக்கினால் தானாகவே எழும்பி வந்துவிடும், வந்தது.

உள்ளே ஹப் முகத்தில், குறிப்பாக இரண்டு ஸ்டட்டுகளின் (சக்கர நட்டு ஏறும் மரைக் கம்பிகள்) அடியைச் சுற்றி, சொறி பிடித்த மாதிரி துரு ஏறியிருந்தது. நீலகிரி மழையிலும் பனியிலும் ஓடும் வண்டிக்கு இது வரும்தான். முன்பு இரண்டு முறை டிஸ்க்கைக் கழற்றி மாட்டியவர்கள் நடுவில் மட்டும் ஒருதரம் எமரி ஓட்டியிருக்கிறார்கள், ஸ்டட் அடியைத் தொடவே இல்லை. ஹப் முகத்தின் விட்டம் 140 மி.மீ. அதன் ஓரத்தில் 0.03 மி.மீ. துருத் திட்டு இருந்தால் டிஸ்க் அந்த அளவு சாய்ந்து உட்காரும். நாம் டயல் வைக்கும் இடத்தின் விட்டம் 260. அங்கே போகும்போது அந்தச் சாய்வு கிட்டத்தட்ட இரு மடங்கு, 0.056 ஆகிவிடும்.

ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்டட் அடிக்கு மட்டும் ஒரு துண்டு பைப்பின் வாயில் எமரி ஒட்டி ஸ்டட்டின் மேல் செருகிச் சுழற்றிச் சுத்தம் செய்தோம். துரு போக வேண்டும், இரும்பு போகக் கூடாது. கிரைண்டரை இங்கே கொண்டு வரவே கூடாது. சுத்தமான ஹப்பில் டயல் வைத்தால் 0.01. ஹப் நல்லது என்று தெரிந்தது.

இப்போது அவசரப்பட்டு டிஸ்க்கை லேத்துக்குக் கொண்டுபோகாமல், அதே டிஸ்க்கை அப்படியே திரும்ப மாட்டி வாஷரும் நட்டும் போட்டு மறுபடி அளந்தோம். 0.12 இருந்தது 0.06 ஆகியிருந்தது. பக்கத்தில் நின்ற டிரைவரிடம் டயலைக் காட்டினேன். "இன்னும் டூல் வைக்கவே இல்லீங்களே!" என்றார். பாதிக் கோளாறு துருவில் இருந்தது. முதல் முறை கடைந்து ஒரு மாதம் கழித்து நடுக்கம் திரும்பியதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அன்று லேத் வேலை சரியாகவே நடந்திருக்கும். சரியாகக் கடைந்த டிஸ்க்கைச் சாய்வாக உட்கார வைத்திருக்கிறார்கள். அது அடித்து அடித்து மறுபடி தேய்ந்திருக்கிறது.

மீதி 0.06 டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால் தொப்பியின் வெளிச்சுவரில் மூன்று இடத்தில் சக் (லேத்தின் பிடி) தாடை கடித்த பதிவு, சம இடைவெளியில். இரண்டாவது பட்டறையில் மூன்று தாடை சக்கில் தொப்பியைப் பிடித்து ஒரு முகத்தைக் கடைந்திருக்கிறார்கள். அப்புறம் கழற்றித் திருப்பிப் பிடித்து அடுத்த முகம். முகம் இரண்டும் கண்ணாடி போல இருந்தன, கை சுத்தமான டர்னர்தான். அவரை நான் குறை சொல்ல வரவில்லை. நம் ஊரில் கடைசல் கற்றவர்களில் பெரும்பாலோர் பம்ப்செட்டில் கற்றவர்கள். வார்ப்பிரும்பு அவர்களுக்குக் கைவந்த பொருள், டிஸ்க்கும் அதே சாம்பல் வார்ப்பிரும்புதான். ஆனால் பம்ப் ஃபிளாஞ்சில் ஒரு முகம் மறு முகத்துக்கு 0.03 சாய்ந்தால் நடுவில் இருக்கும் கேஸ்கெட் அதை ஏற்றுக்கொள்ளும். தண்ணீர் ஒழுகாது, யாரும் குறை சொல்லப் போவதில்லை. டிஸ்க்குக்கு அப்படி ஒரு கேஸ்கெட் கிடையாது. ஓடித் தேய்ந்த மூன்று தாடை சக் 0.05 அடிப்பது சாதாரணம். ஒரு முறை பிடித்து ஒரு முகம், மறு முறை பிடித்து மறு முகம் என்றால் அந்த இரண்டு பிடிப்புக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே டிஸ்க்கின் தடிமனில் போய் உட்காரும்.

கடையலாமா, எறியலாமா

"புதுசே போட்ரலாமுங்களாண்ணா?" என்று திரும்பக் கேட்டார். தொப்பியின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் 20 மி.மீ. என்று வார்ப்பிலேயே எழுதியிருந்தது. நம்மிடம் 20.84 இருக்கிறது. ஆப்பை எடுக்க முகத்துக்கு ஒரு பத்து, பன்னிரண்டு மைக்ரானில் முடியாது, 0.1 போக வேண்டும். போனாலும் 20.6க்கு மேல் நிற்கும். கடைந்த பிறகு எல்லைக்கு மேல் அரை மி.மீ.யாவது தேய்மானத்துக்கு மிச்சம் இருந்தால்தான் நாங்கள் கடைவோம். அது எங்கள் பட்டறைக் கணக்கு. எல்லையை ஒட்டிக் கடைந்து கொடுத்தால் அடுத்த பேட் தேய்வதற்குள் டிஸ்க் எல்லைக்குக் கீழே போய்விடும், மெலிந்த டிஸ்க் மலைச்சூட்டைத் தாங்காது.

விரிசல் பார்த்தோம். முகத்தில் சிலந்தி வலை போல மேலோட்டமான சூட்டுக்கோடுகள் சில இருந்தன, அவை கடைசலில் போய்விடும். ஓரம்வரை ஓடிய விரிசலோ காற்றோட்ட இடைச்சுவரில் விரிசலோ இருந்தால் பேச்சே இல்லை, தூக்கி எறிய வேண்டியதுதான். நீலத் திட்டுகள் இல்லை. இருந்திருந்தாலும் கடைந்திருக்க மாட்டேன். இறுகிப்போன இடத்தில் டூல் ஏறிக் குதிக்கும், அங்கே ஒரு மேடு நிற்கும். அடியோடு வெட்டிவிட்டோம் என்று நினைத்தால் ஆழத்தில் இன்னும் இருக்கும்.

அப்படியானால் கடையலாம்.

லேத்தில்

இந்த வேலைக்கென்று தனி பிரேக் லேத் உண்டு. இரண்டு டூல் இருபுறமும் ஒரே நேரத்தில் வெட்டும். எங்களிடம் இருப்பது சாதாரண ஆறடி லேத்துதான். அதிலும் சரியாகச் செய்யலாம், ஒரே நிபந்தனையோடு: டிஸ்க் வண்டியில் எந்த முகத்தில் உட்காருகிறதோ லேத்திலும் அந்த முகத்தில்தான் உட்கார வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே பிடிப்பில் வெட்டி முடிக்க வேண்டும்.

அதற்கு நாங்கள் செய்துகொள்வது டிஸ்க்கை மாட்ட ஒரு கழுத்து நீண்ட வட்டத் தட்டு, ஃபிளாஞ்ச். சக்கில் பிடித்து, அதன் முகத்தை அந்தப் பிடிப்பிலேயே ஃபேசிங் போட்டு, டிஸ்க்கின் நடு ஓட்டைக்குச் சரியாக நுழையும் ஒரு படியும் கடைந்து, ஸ்டட் வட்டத்தில் ஐந்து மரை போட்டுவிடுவோம். முகத்தை அங்கேயே கடைந்ததால் சக் எவ்வளவு அடித்தாலும் அது இந்த முகத்தில் இல்லை. கழற்றி மாட்டினால் மறுபடி ஒரு சீவல் சீவ வேண்டும், விடக் கூடாது. கழுத்து நீளம் எதற்கென்றால், டூல் போஸ்ட் டிஸ்க்கின் பின்னால் போய் உள்முகத்தையும் வெட்ட இடம் வேண்டும். ஐந்து போல்ட்டையும் நட்சத்திர வரிசையில் சம இறுக்கமாக முடுக்குவோம். ஒன்று கூடுதலாக இறுகினால் தொப்பி இழுபட்டு, கழற்றியதும் பழைய கோணலுக்கே போய்விடும்.

முதலில் கீறல் சோதனை. லேத்தை ஓட்டி, டூலை முகத்தில் தொட்டும் தொடாமலும் வைத்தால் துருத்திய இடத்தில் மட்டும் ஒரு பிறை வடிவக் கீறல் விழும். நிறுத்தி, டிஸ்க்கைத் தளர்த்தி முடிந்த அளவு எதிர்ப்பக்கம் திருப்பி முடுக்கி, டூலைச் சற்றுத் தள்ளி இன்னொரு கீறல். இரண்டு கீறலும் டிஸ்க்கில் ஒரே பக்கம் விழுந்தால் கோணல் டிஸ்க்குடையது, வெட்டலாம். எதிரெதிரே விழுந்தால் கோணல் நம் பிடிப்பில் இருக்கிறது, வெட்டக் கூடாது.

எங்களுக்கு எதிரெதிரே விழுந்தது. எனக்கு நம்பிக்கை இல்லை, திரும்பவும் பார்த்தேன், அப்படியேதான். டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தால் ஃபிளாஞ்ச் முகத்தில், படியின் மூலையில், முன் வேலையின் ஒரு மெல்லிய இரும்புச் சுருள் நசுங்கி ஒட்டியிருந்தது. நகத்தால் தொட்டால்தான் தெரிகிறது. அதோடு வெட்டியிருந்தால் நாங்களும் இன்னொரு கோணல் டிஸ்க்கை அனுப்பியிருப்போம், மூன்றாவது பட்டறையாக. துடைத்து, மூலையில் சின்னக் காடி ஒன்று போட்டு (இனி சுருள் விழுந்தாலும் அதற்குள் போகட்டும் என்று), மறுபடி மாட்டினோம். இந்த முறை இரண்டு கீறலும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. இரண்டு நிமிடம் பிடிக்கும் சோதனை இது. அவசரம் என்று இதைத் தாண்டிப் போகும் ஆளிடம் நான் டிஸ்க் கொடுக்க மாட்டேன்.

வெட்டுக்கு வருவோம். ஓரத்தில் பேட் படாமல் நின்ற துரு விளிம்பை முதலில் எடுத்தோம், இல்லாவிட்டால் டூல் அங்கே தட்டி அதிரும். காற்றோட்ட டிஸ்க் இரண்டு தட்டும் நடுவில் சுவர்களுமாக இருப்பதால் வெட்டும்போது மணி மாதிரி பாடும், அந்த அதிர்வு முகத்தில் வரிவரியாக விழும். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி டிஸ்க்கின் சுற்றளவில் இழுத்துக் கட்டினால் சத்தம் அடங்கும். வேகம் நிமிடத்துக்கு 110 சுற்று. வார்ப்பிரும்புக்கான கார்பைட் இன்செர்ட், தண்ணீரோ ஆயிலோ இல்லாமல் உலர்வெட்டு. கேரியேஜை (டூலைத் தாங்கி நீளவாக்கில் நகரும் பகுதி) லாக் செய்துவிட்டுக் குறுக்கு ஸ்லைடில் மட்டும் ஆட்டோ ஃபீட். லாக் செய்ய மறந்தால் கேரியேஜ் தள்ளிக்கொண்டே போய் ஆழம் மாறும். முதல் வெட்டு முகத்துக்கு 0.07, ஃபீட் (டூல் நகரும் அளவு) சுற்றுக்கு 0.1. கடைசி வெட்டு 0.04, ஃபீடைப் பாதியாக்கி.

டிஸ்க் லேத்தில் இருக்கும்போதே மைக்ரோமீட்டர். எட்டு இடமும் 20.648க்கும் 20.652க்கும் நடுவில். வித்தியாசம் 0.004. உள்வட்டத்திலும் அளந்தோம், அங்கேயும் ஏறக்குறைய அதே. குறுக்கு ஸ்லைடு தேய்ந்த லேத்தில் முகம் குழிந்தோ உப்பியோ வரும், அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த இரண்டாவது வட்டம்.

கடைசியாக 120 நம்பர் எமரி பேப்பரை மரக்கட்டையில் சுற்றி, ஓடும் டிஸ்க்கில் இரு புறமும் ஒரு நிமிடம் முன்னும் பின்னும் ஓட்டினோம். லேத்தின் ஃபீட் முகத்தில் ஒரு சுருள்காடி விட்டுவிடும். பேட் அந்தக் காடியைப் பிடித்துக்கொண்டு ஓடி டக் டக்கென்று தட்டும். பேப்பர் அதைக் கலைத்துவிடும். பிறகு சோப்புத்தண்ணீர், பிரஷ், வெள்ளைத் துணி கறுக்காமல் வரும்வரை. பெட்ரோலில் துடைத்துவிட்டு முடித்துக்கொண்டால் வெட்டிய பொடி முகத்தின் நுண்துளையிலேயே தங்கிவிடும்.

வலது டிஸ்க்கையும் கடைந்தோம். ஒரே அச்சில் ஒரு பக்கம் புது முகம், மறு பக்கம் பழைய முகம் என்றால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். அது முகத்துக்கு 0.08ல் முடிந்தது. அதன் ஹப்பையும் சுத்தம் செய்தோம்.

மாட்டிய பின்

டிஸ்க்கை ஹப்பில் வைத்து அளந்தால் இடது 0.03. ஒரு ஸ்டட் தள்ளி வைத்துப் பார்த்தோம், 0.02. அப்படியே விட்டு, ஒரு ஸ்டட்டிலும் டிஸ்க்கிலும் பெயிண்ட் புள்ளி வைத்தோம், அடுத்து யார் கழற்றினாலும் அதே இடத்தில் மாட்டட்டும் என்று. வலது 0.02.

பேட் ஏழு மி.மீ. மிச்சம் இருந்தது. கண்ணாடியில் பேப்பர் வைத்துத் தேய்த்துப் பளபளப்பை எடுத்துச் சமப்படுத்தினோம். சக்கர நட்டை டார்க் ரென்ச்சில் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் சாவி), வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு, எதிரெதிராக இரண்டு சுற்றில் முடுக்கினோம். டிரைவர் இங்கே சொன்ன ஒன்று எனக்கு முக்கியமாகப் பட்டது. பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியில் ஒரே மூச்சாக நட்டை இறுக்குவார்களாம். அப்படி இறுக்கினால் ஒரு நட்டு ஒரு மடங்கு, இன்னொன்று இரு மடங்கு என்று போய் டிஸ்க்கின் தொப்பியையே இழுத்துக் கோணலாக்கும். துப்பாக்கியில் ஏற்றிக்கொள்ளட்டும், கடைசி முடுக்கு மட்டும் கையால் போடச் சொல்லி அவர் வண்டியில் ஒரு டார்க் ரென்ச் வாங்கி வைக்கச் சொன்னேன்.

மறுநாள் விடிகாலை சத்தி ரோட்டில் கூட்டம் வருவதற்குள் பேடைப் படிய வைத்தோம். 60ல் இருந்து 15 வரை நடுத்தரமாகப் பிரேக், முழுவதும் நிறுத்தாமல் மறுபடி வேகம், நடுவில் காற்றுப்பட ஒரு அரை கி.மீ. இப்படி இருபது தடவை. கடைசியில் பெடலைத் தொடாமல் ஐந்து கி.மீ. ஓட்டி ஆறவிட்டோம். 80ல், 100ல் பிரேக் வைத்துப் பார்த்தார். ஸ்டீரிங்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு "ஒண்ணுமே இல்லீங்கண்ணா" என்றார்.

ஆனால் அன்றைக்கு நன்றாக இருந்ததை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் பட்டறையிலும் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஐயாயிரம் கி.மீ. ஆனதும் வரச் சொன்னேன், காசு வேண்டாம், அளந்து பார்க்க மட்டும் என்று. ஐந்து வாரம் கழித்து 5,200 கி.மீ. ஓட்டிவிட்டு வந்தார், அதில் பாதிக்கு மேல் மலை. இடது டிஸ்க் அடிப்பது அதே 0.02. தடிமன் வித்தியாசம் 0.004 இருந்தது 0.006 ஆகியிருக்கிறது, தடித்த இடமும் மெலிந்த இடமும் எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறியிருந்தன. வலது 0.005.

வலது பக்கம் உள்பேட் மட்டும் வெளிப்பேடைவிட ஒரு மி.மீ. அதிகமாகத் தேய்ந்திருந்தது. கேலிபரின் கீழ்ப் பின் உலர்ந்து இறுகியிருந்தது, ரப்பர் கிழிந்து தண்ணீர் போயிருக்கிறது. முதல் நாளே இதை நான் பார்த்திருக்க வேண்டும். பின்னை எடுத்துத் துடைத்து, புது ரப்பர் போட்டு, சிலிக்கோன் கிரீஸ் தடவி மாட்டினோம். பங்குனியில் அடுத்த அளவுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.